ஒன்பதால் வகுபடும் அம்மா

மார்ச் 2, திங்கள்

இன்று 7,200 எண்கள் அடித்தேன். எல்லாம் எட்டு இலக்கம். யாருடைய எண்கள் என்று தெரியாது. விண்ணப்பங்களை ஸ்கேன் செய்து, துண்டு துண்டாக வெட்டித்தான் எங்கள் திரையில் காட்டுவார்கள். ஒருத்திக்குப் பெயர், ஒருத்திக்கு முகவரி, எனக்கு எண். ரகசியம் காப்பதற்காகவாம். மூன்று வருடமாக நான் மிக நன்றாகக் காக்கிறேன். ஒரு மனிதரின் பெயர்கூட என் பக்கம் வந்ததில்லை.

சூப்பர்வைசருக்கு நாங்கள் வைத்த பெயர் பிழைபூஜ்யம். 'பிழை: பூஜ்யம்' என்று எழுதிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியவர். அவர் எனக்கு வைத்த பெயர் முந்நூத்திப்பன்னெண்டு. சேர்ந்த முதல் நாள் நான் அடித்ததில் 312 எண்களைக் கணினி மாலையில் திருப்பிவிட்டது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. திருப்பி அடி என்றார்கள். அடித்தேன். வேலை போகவில்லை, பெயர்தான் போனது.

வீட்டுக்கு வந்தால் அம்மா சீருடையைக்கூட மாற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள்.

"லிஸ்ட் ஒட்டிட்டாங்க. என் நம்பர் இல்லடி."

"சரியாப் பாத்தியா?"

"பத்தொம்போது வருஷமா கழுத்துல தொங்குது. அத எனக்குப் பாக்கத் தெரியாதா?"

அம்மா பெரிய ஆஸ்பத்திரியில் ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளர். மூன்று வருடத்துக்கு முன் எல்லோரையும் பதிவு செய்யச் சொன்னார்கள். பட்டியலில் எண் இருந்தால் பணி நிரந்தரம். இல்லாவிட்டால் மாதக் கடைசியில் அட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

மார்ச் 3, செவ்வாய்

அரை நாள் லீவு சொல்லிவிட்டு அம்மாவோடு போனேன். பிணவறைக்குப் போகும் நடைபாதைச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். நல்ல இடம், கூட்டம் சேராது. 212 எண்கள். பெயர் கிடையாது. 45377748 இருக்கிறது. 45377766 இருக்கிறது. நடுவில் அம்மா இருக்க வேண்டும். இல்லை.

பக்கத்திலேயே ஒரு ஜன்னல். உள்ளே ஒரு கணினி, ஒரு மின்விசிறி, ஒரு ஆள். அம்மா தன் எண்ணைத் தனக்குப் பழகிய மாதிரிச் சொன்னாள்.

"நாலு அஞ்சு மூணு, மூணு ஏழு, அஞ்சு, ஏழு."

அவர் தட்டினார். "ஏழு இலக்கம்தான் வருது. ஒண்ணு குறையுதும்மா."

"மூணு ஏழுப்பா. ஏழு ஏழு ஏழு."

"அப்ப அஞ்சு ஏழுன்னா அஞ்சு தடவையா?"

"அஞ்சு வேற, ஏழு வேற."

"மூணு ஏழு மட்டும் ஏன் ஒண்ணா?"

"அது மூணு பேரும் ஒட்டிக்கிட்டு நிக்கிறாங்க, நான் என்ன பண்ண?"

கடைசியில் எட்டும் சரியாக விழுந்தன. திரையைப் பார்த்தார். "அப்படி யாரும் இல்லம்மா."

அம்மா அவருக்கு நேர் எதிரே நின்றுகொண்டிருந்தாள்.

மார்ச் 5, வியாழன்

மதிய இடைவேளை. கணக்கில் பட்டம் வாங்கியவள் வேறு என்ன செய்வாள்? அம்மாவைப் பகுத்துப் பார்த்தேன்.

45377757. நான்கு கோடியே ஐம்பத்து மூன்று லட்சத்து எழுபத்தேழாயிரத்து எழுநூற்று ஐம்பத்தேழு. ஒற்றை எண். பகா எண் இல்லை. முழு வர்க்கமும் இல்லை. 6,736ஐ அதே எண்ணால் பெருக்கினால் 4,061 குறைகிறது. இலக்கங்களைக் கூட்டினால் 45. ஆக ஒன்பதால் வகுபடும். மீதியை உடைத்தால் 19, 263, 1009. மூன்றும் பகா எண்கள், இதற்குமேல் உடையாது. மொத்தம் 24 வகுஎண்கள்.

19 வருகிறது. அம்மா வேலைக்குச் சேர்ந்து பத்தொன்பது வருடம். இது எதையும் நிரூபிக்காது. இருந்தாலும் அதன் கீழே கோடு போட்டேன்.

மார்ச் 9, திங்கள்

மறுபடி ஜன்னல். பதிவில் தப்பு நடந்திருக்கும் என்றேன்.

"நடக்காதும்மா. கூட்டுத்தொகை ஒன்பதால வகுபடுற நம்பரத்தான் சிஸ்டம் உள்ளயே விடும். தப்பா அடிச்சா வெளிய தள்ளிரும்."

"நாலையும் அஞ்சையும் இடம் மாத்தி அடிச்சா?"

"தள்ளிரும்."

"கூட்டுத்தொகை மாறாதே சார்."

யோசித்தார். மின்விசிறியைப் பார்த்தார். "அது... அப்படி யாரும் அடிக்க மாட்டாங்க."

இவ்வளவு பெரிய ஆஸ்பத்திரி. இத்தனை ஆயிரம் பேரின் அழுக்கை வாரிய பெண்கள். அவர்கள் இருக்கிறார்களா இல்லையா என்று முடிவு செய்வது ஆறாம் வகுப்பு வகுபடும் விதி. அதையும் அரைகுறையாகப் படித்த ஆட்கள். கத்தியிருப்பேன். அம்மா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மார்ச் 11, புதன்

பட்டியலைப் படம் எடுத்து வந்து நோட்டில் எழுதினேன். இந்த ஆஸ்பத்திரியில் எல்லோர் எண்ணும் 453ல் தொடங்கும். பட்டியலில் 453ல் தொடங்குபவை 205. மீதி ஏழும் 459.

459ல் தொடங்கும் ஆள் இந்தக் கட்டடத்திலேயே கிடையாது. அம்மாவிடம் கேட்டேன், எண் வராதவர்கள் எத்தனை பேர் என்று.

"என்னோட சேத்து ஏழு. ரெண்டாம் மாடி அக்கா அழுதுக்கிட்டே மாப் போடுறா. தரை காயவே மாட்டேங்குது."

ஏழு எண்களுக்கு ஆள் இல்லை. ஏழு ஆட்களுக்கு எண் இல்லை.

மார்ச் 12, வியாழன்

ஜோடி சேர்த்துவிட்டேன்.

ரெண்டாம் மாடி அக்கா 45360828. பட்டியலில் அநாதையாக நிற்பது 45960282.
அம்மா 45377757. அநாதை 45911151.

3 ஒன்பதாகியிருக்கிறது. 7 ஒன்றாகியிருக்கிறது. 8 இரண்டாக, 2 எட்டாக. மாறிய ஒவ்வொரு இலக்கமும் சரியாக ஆறு கூடியிருக்கிறது அல்லது ஆறு குறைந்திருக்கிறது. 0, 4, 5, 6 மட்டும் அப்படியே. ஏழு பேருக்கும் இதே கதை.

அம்மாவின் எண்ணில் நான்கு ஏழுகள் 24ஐக் குறைத்தன, ஒரு மூன்று 6ஐக் கூட்டியது. மொத்தத்தில் 18 குறைவு. 45 இருந்தது 27 ஆனது. இதுவும் ஒன்பதால் வகுபடும். ஒன்பது விதி என்ற காவல்காரன் சல்யூட் அடித்து உள்ளே விட்டுவிட்டான்.

போலி எண்ணையும் பகுத்துப் பார்த்தேன். மூன்று 3, இரண்டு 11, ஒரு 13, ஒரு 23, ஒரு 47. 96 வகுஎண்கள். அம்மாவைவிட நான்கு மடங்கு செல்வாக்கு. பட்டியலில் இடம் பிடித்ததில் ஆச்சரியம் இல்லை.

எந்தத் தடிமாடு அடித்ததோ தெரியவில்லை. பார்த்தால் நாலு கேள்வி கேட்க வேண்டும். தூங்கிக்கொண்டே அடித்தானா? கையா, உலக்கையா?

மார்ச் 13, வெள்ளி

ஜன்னல்காரர் சொன்ன விளக்கம்: "கையெழுத்து. ஏழையும் ஒண்ணையும் ஒரே மாதிரி எழுதிருப்பாங்க. படிக்காதவங்கதானே."

"மூணு எப்படி சார் ஒம்போது ஆச்சு?"

"அதான் சொன்னேனே, படிக்காதவங்க."

விண்ணப்பத்தை நிரப்பியது அவர் அலுவலகத்து ஆள். அம்மா கைநாட்டு வைக்கவில்லை, கையெழுத்துத்தான் போட்டாள்.

மார்ச் 14, சனி

ஃபோனில் கால்குலேட்டரைத் திறந்து ஏழு எண்களையும் கூட்டிக்கொண்டிருந்தேன். அம்மா அடுப்படியிலிருந்து, "ரெண்டாம் மாடி அக்காவுக்கு ஒரு ஃபோன் போடு, திங்கக்கிழம வரச் சொல்லு" என்றாள்.

கால்குலேட்டரை மூடி டயல் செய்யும் திரைக்குப் போனேன். விரல் ஏழுக்குப் போனது. அங்கே 1 இருந்தது.

ஒரே ஃபோன். கால்குலேட்டரில் 7, 8, 9 மேல் வரிசை. டயலில் 1, 2, 3 மேல் வரிசை. நடுவில் 4, 5, 6 இரண்டிலும் அதே இடம். சைபர் கீழே.

அலுவலக நம்பர் பேட் கால்குலேட்டர் மாதிரி. டயலுக்குப் பழகிய கை அதில் பார்க்காமல் அடித்தால் 3 ஒன்பதாகும். 7 ஒன்றாகும். எல்லாம் ஆறு ஆறாக மாறும்.

அம்மா இரண்டு தடவை கூப்பிட்டாள். "போட்டியா இல்லியா?"

"போடுறேன்."

மார்ச் 15, ஞாயிறு

இந்த வேலைக்கு முன் ஃபோன் கடையில் இரண்டு வருடம் இருந்தேன். ஒரு நாளைக்கு ஐந்நூறு எண்கள். பார்க்காமலே அடிப்பேன்.

எழுதி வைக்கிறேன், அவ்வளவுதான்.

மார்ச் 16, திங்கள்

அம்மாவும் ரெண்டாம் மாடி அக்காவும் பின்னால் நிற்க, ஜன்னலில் ஏழு ஜோடிகளையும், டயலும் நம்பர் பேடும் தலைகீழ் என்ற விளக்கத்தையும் தாளில் எழுதிக் கொடுத்தேன். ஜன்னல்காரர் தன் ஃபோனை எடுத்தார், கீபோர்டைப் பார்த்தார், ஃபோனைப் பார்த்தார். விரலால் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். ஏழாவது ஜோடியில் முகமே மாறிவிட்டது. மனுஷன் மோசமில்லை. இத்தனை நாளில் அவருக்கு யாரும் எதையும் காட்டியதில்லை போல.

"அடேங்கப்பா. எவன் பாத்த வேலன்னு பாத்துருவோமா?"

ரெண்டாம் மாடி அக்கா, "பாருங்க சார். அவன் கை வெளங்காமப் போக" என்றாள்.

ஏதோ தட்டினார். "ஏழும் ஒரே ஆளு. ஒரே நாளு. ஆபரேட்டர் 4056. தெரிஞ்சவங்களா?"

"பாத்திருக்கேன்."

என் அலுவலக அட்டை பைக்குள் இருந்தது. 4056. நான்கு, பூஜ்யம், ஐந்து, ஆறு. தலைகீழாக அடித்தாலும் மாறாத நான்கு இலக்கங்கள். ஊர் எண்ணெல்லாம் என் கையில் புரளும். என் எண் மட்டும் புரளாது.

பிழை தன்னுடையது என்று அந்த ஆபரேட்டர் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் திருத்தலாமாம். கடைசி நாள் 31.

"எங்க அந்த ஆளப் புடிக்கிறது?" என்றாள் அக்கா.

மார்ச் 17, செவ்வாய்

பிழைபூஜ்யத்திடம் சொன்னேன். கதவைச் சாத்தினார்.

"உங்கம்மா ஒருத்தருக்குன்னா இப்பவே தனித் திருத்தம் போட்டுத் தரேன். சத்தமில்லாம முடிஞ்சிரும். ஏழுக்குன்னா அன்னிக்கி பேட்ச் மொத்தத்தயும் திறக்கணும். திறந்தா ஆடிட். ஆடிட்டுன்னா ரெண்டாவது ஆள் எங்கன்னு கேப்பான்."

ஒவ்வோர் எண்ணையும் இரண்டு பேர் தனித்தனியாக அடித்து ஒப்பிட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. இரண்டாவது ஆள் ஒப்பந்தத்தில் மட்டும் இருக்கிறார்.

"முந்நூத்திப்பன்னெண்டு, யோசி. உனக்கும் வேலை இருக்கு, அம்மாவுக்கும் வேலை இருக்கு. வேற என்ன வேணும்?"

மார்ச் 18, புதன்

அம்மாவுக்கு மட்டும் சரியானால் போதும் என்று ஒரு முழு நாள் நினைத்தேன். 7,150 எண்கள் அடித்துக்கொண்டே நினைத்தேன்.

மார்ச் 19, வியாழன்

காலையில் அம்மா வேலைக்குக் கிளம்பும்போது சொல்லிவிட்டேன்.

"நான்தான்மா அடிச்சது."

"எத?"

"ஏழு பேரயும். சேந்த முதல் நாள்."

அம்மா செருப்பை மாட்டுவதை நிறுத்தினாள். "என்னையுமா?"

"நீன்னு தெரியாது. நம்பர் மட்டும்தான் வரும்."

"பெத்தவ நம்பர் தெரியாதா உனக்கு?"

"தெரியாது."

"உன் நம்பர் எனக்குத் தெரியும். நாப்பது அம்பத்தாறு."

நான் சொன்னதே இல்லை. அட்டைக் கயிற்றைத் துவைப்பது யார் என்று பிறகுதான் உறைத்தது. அப்படியென்றால் திங்கட்கிழமை ஜன்னலில்... அவளுக்கு அப்போதே தெரியும். அக்கா சாபம் விட்டபோது பக்கத்தில் சும்மா நின்றிருக்கிறாள். மூன்று நாள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சூப்பர்வைசர் சொன்னதைச் சொன்னேன். உனக்கு மட்டுமென்றால் நாளைக்கே ஆகிவிடும் என்றேன். குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"மத்த ஆறு பேரு?"

"அப்புறமா ஏதாவது வழி..."

"நான் ஒரு நாளும் பாதி வார்டத் தொடச்சுட்டு மீதிய அப்படியே விட்டுட்டு வந்ததில்லடி."

செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

மார்ச் 20, வெள்ளி

ஏழோடு முடியவில்லை. அலுவலகப் பதிவேட்டைப் புரட்டினேன்: அன்று என் மேஜைக்கு வந்தவை ஒன்பது கட்டடங்களின் விண்ணப்பங்கள். ஆஸ்பத்திரி அதில் ஒன்று.

இப்படிப் புரட்டி அடித்தால் எத்தனை பிடிபடும்? 1, 2, 3 எத்தனை, 7, 8, 9 எத்தனை என்று எண்ணி ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்க வேண்டும். மீதி மூன்றின் மடங்காக இருந்தால் எண் தப்பித்துவிடும். ஏறக்குறைய மூன்றில் ஒன்று அப்படித்தான் அமையும். மூன்றில் இரண்டு பிடிபடும்.

பிடிபட்டவை 312. என் பெயர்.

அப்படியானால் தப்பியவை 156.

மூன்று வருடம் 312 என்று கூப்பிட்டுச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த 312 பேருக்கு ஒன்றும் ஆகவில்லை, அன்று மாலையே திருத்திவிட்டோம். சிரிப்பு சத்தத்தில் 156 பேர் காணாமல் போனது யாருக்கும் கேட்கவில்லை. எனக்கும்தான்.

கடிதம் எழுதினேன். ஏழு எண்கள், ஒன்பது கட்டடங்கள், டயல் பேட், நம்பர் பேட், 156 என்ற மதிப்பீடு. இரண்டாவது ஆள் இல்லை என்பதையும்.

மார்ச் 23, திங்கள்

கடிதத்தை முதலில் பிழைபூஜ்யத்திடம் காட்டினேன். ஒளித்துச் செய்ய விருப்பமில்லை.

"ரெண்டாவது ஆள் விஷயத்த மட்டும் எடுத்துரு. மத்ததுக்கு நான் பொறுப்பு."

"அத எடுத்தா நான் மட்டும் தப்பு பண்ண மாதிரி ஆகும் சார்."

"நீ மட்டும்தான் பண்ணே."

"ஆமா. ஆனா என்னப் பாக்க ஒரு ஆள் இருந்திருக்கணும்ல?"

அவர் சட்டம் போட்ட பூஜ்யத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அது சும்மா இருந்தது.

பன்னிரண்டு மணிக்கு ஜன்னலில் கொடுத்தேன். கீழே இருந்த கையெழுத்தையும் 4056ஐயும் படித்துவிட்டு ஜன்னல்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "பாத்திருக்கேன்னு சொன்னியேம்மா."

"மொகம் பாக்குற கண்ணாடியில சார்."

முத்திரை குத்தி நகல் கொடுத்தார். இரண்டு மணிக்கு அலுவலகம் திரும்பினேன். என் அட்டைக்குக் கதவு திறக்கவில்லை. காவலாளி அண்ணன் உள்ளே போய்ச் சாப்பாட்டு டப்பாவை எடுத்து வந்து தந்தார். கழுவி வைத்திருந்தார்கள்.

மார்ச் 24, செவ்வாய்

அம்மா ரெண்டாம் மாடி அக்காவிடம் சொல்லிவிட்டாள். அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றாள். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை.

"உன் கை வெளங்காமப் போகணும்னு சொல்லிட்டேனே."

"வேலை போயிடுச்சுக்கா. பாதி பலிச்சிருச்சு."

"சாபத்தத் திரும்ப வாங்க முடியுமான்னு தெரியல" என்றாள் கவலையோடு. பிறகு, "ஆனா நீ பண்ணதும் சாதாரண வேல இல்லடி" என்று முதுகில் ஒன்று வைத்தாள். வலித்தது.

ஏப்ரல் 2, வியாழன்

மனு நிலுவையில் இருப்பதால் அம்மாவின் அட்டையை இன்னும் கழற்றச் சொல்லவில்லை. நான் வேலை தேடுகிறேன். முந்தைய வேலையை ஏன் விட்டீர்கள் என்று ஒரு படிவத்தில் கேட்டிருந்தார்கள். 'எண்கள் காரணமாக' என்று எழுதினேன்.

ஏப்ரல் 13, திங்கள்

திருத்திய பட்டியல். அதே சுவர். 212 எண்கள், எல்லாம் 453. 45377748, 45377757, 45377766. ஒன்பது ஒன்பதாகப் படி ஏறுகிறது. அம்மா தன் எண்ணைப் பார்க்கவே இல்லை. மற்ற ஆறையும் விரல் வைத்துத் தேடிவிட்டு, "சரி, வா" என்றாள்.

ஜன்னல்காரரிடம் மீதியைப் பற்றிக் கேட்டேன். மேலிடத்து உத்தரவைக் காட்டினார்: மனு கொடுத்தவர்களுக்கு மட்டும் திருத்தம். கடைசி நாள் மே 31 வரை நீட்டிப்பு. அந்தத் தாளை ஜன்னல் கண்ணாடியின் உள்பக்கம், எழுத்து உள்ளே பார்க்க ஒட்டியிருந்தார்கள்.

"இத வெளிப்பக்கம் ஒட்டக் கூடாதா சார்?"

"உத்தரவுல எந்தப் பக்கம்னு போடல." சுற்றும் முற்றும் பார்த்தார். பிறகு எழுந்து, உரித்து, திருப்பி ஒட்டினார்.

156ல் 7 போக 149.

149 பகா எண். ஒன்றாலும் தன்னாலும் தவிர எதனாலும் வகுபடாது. 'ஏறக்குறைய' என்று போட்ட கணக்கைப் பகா எண் என்று சொல்லக் கூடாது, தெரியும். சாயங்காலம் முழுக்க அதையே வகுத்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 19, ஞாயிறு

ஒன்பதில் இரண்டாவது கட்டடம். பஸ் டெப்போ. தனியாகப் போகத்தான் கிளம்பினேன். வாசலில் அம்மா செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். நிரந்தரம் ஆனதால் அவளுக்கு இன்று வார விடுமுறை. பத்தொன்பது வருடத்தில் முதல் வார விடுமுறை.

"நீ எதுக்கு?"

"நீ போய்ச் சுவத்தப் பாப்ப. ஆளுங்ககிட்ட யாரு பேசுறது?"

பட்டியல் கழிப்பறைச் சுவரில். அங்கே எல்லோரும் 618. நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு வரிசை வரிசையாக இறங்கினேன். 672 ஒன்று. 672 இன்னொன்று. கடைசிப் பக்கத்தில் இன்னொன்று. திரும்பினால், பஸ்ஸைக் கழுவிக்கொண்டிருந்த பெண்கள் நடுவில் அம்மா நின்றுகொண்டிருக்கிறாள். அவர்கள் தண்ணீர்க் குழாயை மூடியிருந்தார்கள். அம்மா உரக்கக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"லிஸ்ட்ல நம்பர் வராதவங்க யாரும்மா இருக்கீங்க? கூச்சப்படாதீங்க. இது எம் பொண்ணு. இவதான் தப்பா அடிச்சா."

மூன்று பேர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்கள்.

திரும்பும்போது பஸ்ஸில் மனு எழுதினேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு எண்ணையும் வாய்விட்டுச் சொன்னாள், நான் எழுதியதைத் தன் விரலால் சரிபார்த்தாள்.

மீதி 146. இரண்டால் வகுபடும்.